கப்பல் ஏற்ற முன்னுரிமை

கப்பல் ஏற்ற முன்னுரிமை என்பது பயணியர் கப்பல்களில் குறிப்பிட்ட சில பயணிகளைப் பொது வரிசைக்கு முன்னதாகவோ தனி வழியாகவோ கப்பலில் ஏற அனுமதிக்கும் சலுகை ஆகும். உயர்வகை அறைகளில் தங்குவோர், ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் பலமுறை பயணம் செய்தோர், இதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியோர், உடல்நிலை காரணமாக உதவி தேவைப்படுவோர் ஆகியோருக்கு இது வழங்கப்படுகின்றது.

ஒரு குடும்பத்தினர் வெவ்வேறு வகை அறைகளைப் பதிவு செய்து ஒன்றாகப் பயணம் செய்யும்போது, அவர்களுள் ஒருவருக்குக் கிடைத்த முன்னுரிமையைச் சாதாரண அறைகளில் தங்கும் ஏனையோரும் பகிர்ந்துகொள்ள இயலுமா என்னும் கேள்வி எழுகின்றது. பொதுவாக இம்முன்னுரிமை ஓர் அறைக்கோ ஓர் ஆளுக்கோ உரியது; குடும்பத்திற்கு உரியதன்று. ஆகவே அதனைப் பகிர்வதற்கான வாய்ப்பு, துறைமுகத்தில் கேட்டுப் பெறுவதைவிடப் பதிவு செய்யும் வேளையில் யாரை எந்த அறையில் சேர்ப்பது என்னும் முடிவையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஏற்ற நடைமுறை

உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏறுவது தொடர்வண்டியில் ஏறுவதைவிட வானூர்தியில் ஏறுவதையே ஒத்தது. பயணிகள் புறப்பாட்டிற்குப் பல மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்தின் பயணிகள் முனையத்தை அடைகின்றனர். அங்குப் பின்வரும் படிகள் வழமையாக இடம்பெறுகின்றன:

1. பெரிய பெட்டிகளில் அறை எண் கொண்ட அட்டையைக் கட்டிப் பணியாளரிடம் ஒப்படைத்தல்
2. கைப்பைகளும் ஆட்களும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுதல்
3. பயணச்சீட்டு, அடையாள ஆவணம் ஆகியன சரிபார்க்கப்படுதல். வெளிநாட்டுப் பயணமாயின் கடவுச்சீட்டு, குடிவரவுச் சோதனை
4. ஒளிப்படம் எடுத்து, அறையின் திறப்பாகவும் கப்பலில் செலவுக் கணக்காகவும் பயன்படும் அட்டையை வழங்குதல்
5. ஏறுபாலத்தின் வழியாகக் கப்பலுக்குள் செல்லுதல்

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வருவதைத் தவிர்ப்பதற்காகப் பல நிறுவனங்கள் வருகை நேரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு நேரத்தை ஒதுக்குகின்றன. இணையவழிப் பதிவின்போது பயணிகள் தமக்குரிய நேரத்தைத் தெரிந்துகொள்கின்றனர். முன்னுரிமை உடையோருக்கு இவற்றுள் முதல் நேரம் கிடைக்கும், அல்லது நேரக் கட்டுப்பாடு இராது. மேற்கண்ட படிகளுள் மூன்றாவதிலும் ஐந்தாவதிலுமே தனி வரிசை அமைக்கப்படுவது வழக்கம். பாதுகாப்புச் சோதனையும் குடிவரவுச் சோதனையும் கப்பல் நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லாதவை. ஆதலால் அவற்றில் முன்னுரிமை எங்கும் உறுதியன்று.

வரலாறு

நீராவிக் கப்பல் காலம்

பயணிகளை வகுப்பு வாரியாகப் பிரித்து ஏற்றும் முறை நீராவிக் கப்பல் காலத்திலேயே வேரூன்றியது. அக்காலத்தில் முன்னதாக ஏறுவது உயர் வகுப்பின் அடையாளமாக இருக்கவில்லை. 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் டைட்டானிக் கப்பலின் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கான தொடர்வண்டி காலை ஒன்பதரை மணியளவில் வந்தது. முதல் வகுப்பினருக்கான வண்டியோ புறப்பாட்டிற்கு அரைமணி நேரம் முன்னர், பதினொன்றரை மணியளவிலேயே வந்தது. காத்திருக்க வேண்டாதிருத்தலே அன்றைய முதல் வகுப்பினரின் சலுகையாக இருந்தது.

இறங்கும்போது இவ்வேறுபாடு மேலும் கடுமையாயிற்று. நியூயார்க் துறைமுகத்தில் முதல், இரண்டாம் வகுப்பினர் கப்பலிலேயே சோதிக்கப்பட்டுக் கரையிறங்கினர். மூன்றாம் வகுப்பினர் படகுகளில் 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு மருத்துவச் சோதனைக்கும் விசாரணைக்கும் உட்பட்டனர். இதனால் ஒரே குடும்பத்தினர் இரு வகுப்புகளில் பயணம் செய்தால் கரையில் இரு வேறு வழிகளில் செல்ல நேர்ந்தது.

தமிழகக் கடல்வழிகள்

தமிழர்கள் பெருமளவில் பயன்படுத்திய கடல்வழிகளுள் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் செல்லும் வழி முதன்மையானது. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் இவ்வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் அது ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. அறைகளில் தங்கியோர் இத்தொகையில் மிகச் சிறு பங்கினரே. டெக் வகுப்பு எனப் பேச்சு வழக்கில் வழங்கிய தளவகுப்பில் பயணம் செய்தோர் பாயை விரித்துக் கப்பல் தளத்திலேயே தங்கினர். பெயர் குறித்த படுக்கை இல்லாத இவ்வகுப்பில் முன்னதாக ஏறியோருக்கு நல்ல இடம் கிடைத்தது. ஒரு குடும்பம் அருகருகே தங்குவதும் இதனைப் பொறுத்தே அமைந்தது.

தொற்றுநோய்க் காலங்களில் வகுப்பு வேறுபாட்டின் விளைவு இன்னும் பெரிதாக இருந்தது. சிங்கப்பூர் வந்தடைந்த தளப் பயணிகள் 1874 முதல் நோய்த் தடுப்பு நிலையமாக விளங்கிய செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தப்பட்டனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் தலைமன்னாருக்குக் கடல் கடக்கும் முன்னர் மண்டபம் முகாமில் வைக்கப்பட்டனர். எந்த வகுப்புச் சீட்டு என்பது ஒருவர் எத்தனை நாள் கழித்துத் தம் உறவினரைக் காண்பார் என்பதையும் தீர்மானித்தது.

ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன்பின் இவ்வழியில் ஓடிய சிதம்பரம் என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் ஏற்பட்ட தீவிபத்தைத் தொடர்ந்து சென்னை - சிங்கப்பூர் பயணியர் கப்பல் சேவை நின்றது. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு இயக்கப்பட்டு வந்துள்ள அரசுக் கப்பல்களில் பங்க் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அறை, முதல் வகுப்பு அறை, டீலக்ஸ் அறை என்னும் பிரிவுகள் உள்ளன. இவை உல்லாசப் பயணத்திற்காக அன்றிப் போக்குவரத்திற்காக இயங்குபவை.

உல்லாசக் கப்பல்கள்

வானூர்திப் போக்குவரத்துப் பெருகியபின் பயணியர் கப்பல்கள் சுற்றுலாவை நோக்கித் திரும்பின. வகுப்புகள் பெயரளவில் மறைந்து, எல்லோரும் ஒரே உணவுக்கூடத்தையும் தளங்களையும் பயன்படுத்தும் முறை பரவியது. ஆயினும் 2000களில் வகுப்புப் பிரிவு புதிய வடிவில் திரும்பியது. எம்எஸ்சி நிறுவனம் 2008இல் தனது ஃபான்டாசியா கப்பலில் யாட் கிளப் என்னும் தனிப் பகுதியை அறிமுகம் செய்தது. நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவன், சிங்கப்பூரிலிருந்து இயங்கும் ஜென்டிங் ட்ரீம் கப்பலின் பேலஸ் ஆகியனவும் இத்தகையவை. இப்பகுதிகளில் தங்குவோருக்குத் தனி வரவேற்பு, தனி ஏற்றம், தனி உணவகம் ஆகியன உள்ளன.

தமிழ்நாட்டில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலின் சேவையை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி வைத்தார். 1990இல் நார்டிக் எம்பிரஸ் என்னும் பெயரில் சேவைக்கு வந்த இக்கப்பல், 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. சாளரமற்ற உள்ளறை, கடல் நோக்கிய அறை, சூட் எனப்படும் தொகுப்பறை என அதன் அறைகள் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. இதனால், ஒரே குடும்பம் பல தர அறைகளில் பயணம் செய்யும் நிலை தமிழ்நாட்டிலும் தோன்றியது.

முன்னுரிமையின் வகைகள்

முன்னுரிமை எவ்வழியில் கிடைத்தது என்பதைப் பொறுத்தே அதனைப் பகிரும் விதி அமைகின்றது. நான்கு வழிகள் உள்ளன.

அறை வழி: தொகுப்பறை போன்ற உயர்வகை அறையின் கட்டணத்தோடு சேர்ந்து வருவது. அவ்வறையில் பெயர் பதிவான அனைவருக்கும் இது உண்டு. குழந்தையாயினும் விருந்தினராயினும் வேறுபாடில்லை.

உறுப்புநிலை வழி: ஒரே நிறுவனத்தில் பலமுறை பயணம் செய்து புள்ளிகள் சேர்த்தோருக்கு உரியது. எடுத்துக்காட்டாக, ராயல் கரீபியன் நிறுவனத்தின் உறுப்புநிலைகள் கோல்டு, பிளாட்டினம், எமரால்டு, டயமண்ட், டயமண்ட் பிளஸ், பினாக்கிள் என ஆறு படிகளைக் கொண்டவை. டயமண்ட் நிலைக்கு 80 புள்ளிகளும் பினாக்கிள் நிலைக்கு 700 புள்ளிகளும் தேவை. இது ஆளைச் சார்ந்தது. அவர் எந்த அறையில் தங்கினாலும் உடன் வரும்.

கட்டண வழி: தனிக் கட்டணம் செலுத்திப் பெறுவது. கார்னிவல் நிறுவனம் இத்தகைய சலுகையை ஆள் கணக்கில் அன்றி அறைக் கணக்கில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டு விற்று வந்துள்ளது. மூன்று அறைகளில் தங்கும் குடும்பம் முழுவதும் இதனைப் பெற மூன்று முறை வாங்க வேண்டும்.

தேவை வழி: சக்கர நாற்காலியில் வருவோர், நெடுநேரம் நிற்க இயலாத முதியோர் போன்றோருக்குரியது. அறையின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

குடும்பத்துடன் பகிர்தல்

ஒரே அறையில் தங்குவோர்

எளிய நிலை இதுவே. அறை வழியாயினும் கட்டண வழியாயினும் அறையிலுள்ள அனைவரும் ஒன்றாக ஏறலாம். உறுப்புநிலை வழியிலும், உறுப்பினருடன் ஒரே அறையில் பதிவானோரை அவருடன் சேர்த்து ஏற்றுவதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். உறுப்பினர் உடன் இல்லாமல் அவர்கள் தனித்து வந்தால் இது பொருந்தாது.

வேறு அறைகளில் தங்குவோர்

தொகுப்பறையில் பெற்றோரும், சாதாரண அறைகளில் பிள்ளைகளும் தங்கும்போது பெற்றோரின் முன்னுரிமை பிள்ளைகளின் அறைகளுக்குச் செல்லாது. அவர்களுடைய ஏறுசீட்டில் அக்குறியீடு அச்சிடப்பட்டிராது. கூட்டம் குறைந்த நாள்களில் வாயிற்பணியாளர் ஒரு குடும்பத்தைச் சேர்த்து அனுப்புவதுண்டு. ஆயினும் அது அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது. அடுத்த பயணத்தில் மீண்டும் எதிர்பார்க்கத்தக்கது அன்று.

பதிவுகளை இணைத்தல்

பல அறைகளின் பதிவு எண்களை ஒன்றோடொன்று இணைக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் வழங்குகின்றன. உணவுக்கூடத்தில் ஒரே மேசை கிடைப்பதற்கும், அறைகள் அருகருகே அமைவதற்கும் இது உதவும். இணைத்துவிட்டால் சலுகைகளும் இணைந்துவிடும் எனப் பலர் கருதுகின்றனர், அது சரியன்று.

சிறுவர்கள்

சிறுவர்களைத் தனித்து ஏற்றுவதை நிறுவனங்கள் தவிர்க்கின்றன. ராயல் கரீபியன் நிறுவனத்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரின் உறுப்புநிலையே வழங்கப்படுகின்றது. ஆகவே அடுத்த அறையில் தங்கும் சிறுவரும் பெற்றோருடன் முன்னுரிமை பெறுவர். ஆனால் தாத்தா, பாட்டியின் உறுப்புநிலை பேரப்பிள்ளைகளுக்கு அவ்வாறு செல்வதில்லை. மூன்று தலைமுறையினர் சேர்ந்து பயணம் செய்யும் இந்தியக் குடும்பங்களில் இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது.

இறங்கிப் பகிர்தல்

முன்னுரிமை உடையவர் அதனைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்னும் விதி இல்லை. அவர் தம் குடும்பத்தினருடன் பொது வரிசையில், அவர்களுக்குரிய நேரத்தில் வந்து ஏறலாம். மற்றவரை மேலே ஏற்ற இயலாதபோதும் தாம் இறங்கி வருவதற்கு எங்கும் தடையில்லை. கடைசி ஏற்ற நேரத்தைத் தவறவிடாதிருத்தல் மட்டும் கட்டாயம்.

எடுத்துக்காட்டு

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னைத் துறைமுகத்திற்குச் செல்லும் எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டுக் குடும்பத்தைக் கற்பனை செய்யலாம். தாத்தாவும் பாட்டியும் தொகுப்பறையில் பதிவு செய்துள்ளனர். மகனின் குடும்பத்தினர் மூவர் ஒரு சாதாரண அறையிலும், மகளின் குடும்பத்தினர் மூவர் மற்றொன்றிலும் உள்ளனர். அறைகளுக்கு முறையே பகல் 11.30, 1.00, 2.00 மணி என வருகை நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம்.

எட்டுப் பேரும் ஒரே வேனில் வருகின்றனர். திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளின் சரக்குந்துகள் செல்லும் அதே நெடுஞ்சாலையில், நகரைக் கடந்து துறைமுகம் சேரவேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உற்பத்தியாகும் ஹூண்டாய் மகிழுந்துகள் ஏற்றுமதிக்குச் செல்வதும் இதே துறைமுகத்திற்கே. வேன் ஒருமுறைதான் வரும், நேரமோ மூன்று. இக்குடும்பத்திற்குப் பின்வரும் வழிகள் உள்ளன:

- எட்டுப் பேரும் 2 மணிக்கு வருதல். முதியோர் தம் முன்னுரிமையை விட்டுக்கொடுக்கின்றனர், எவரும் பிரிவதில்லை.
- 11.30 மணிக்கு வந்து முதியோர் மட்டும் ஏறுதல். மற்ற ஆறு பேரும் தத்தம் நேரம் வரும்வரை முனையத்திலோ வெளியிலோ காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் கப்பலுக்குள் துணையின்றி இருப்பர்.
- தொகுப்பறையில் இடமிருப்பின், பதிவு செய்யும்போதே பேரப்பிள்ளைகளுள் ஒருவரை அங்குச் சேர்த்தல். அப்பிள்ளை தாத்தா, பாட்டியுடன் முறைப்படி ஏறலாம். மூன்றாம் ஆளுக்கான கட்டணம் அறை வகைக்கேற்ப மாறக்கூடும்.
- முன்னுரிமை உறுப்புநிலை வழியில் தாத்தா, பாட்டி இருவருக்குமே தனித்தனியே கிடைத்திருந்தால், ஒருவரை மகனின் அறையிலும் மற்றவரை மகளின் அறையிலும் பதிவு செய்தல். அவ்வாறாயின் இரண்டு அறையினரும் பயன்பெறுவர்.
- பெரியவர்களுள் ஒருவருக்கு நடப்பதில் இடர்ப்பாடு இருந்தால், முன்கூட்டியே சக்கர நாற்காலி உதவியைக் கோருதல்.

நான்காவது வழியில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆபத்து வேளையில் எவர் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பது பதிவான அறையின்படியே ஒதுக்கப்படுகின்றது. ஏட்டில் ஓர் அறையும் உறக்கத்திற்கு வேறோர் அறையும் என மாற்றிக்கொள்வோர் கப்பலின் வரவேற்புப் பிரிவில் அதனைத் தெரிவித்து, உரிய திறப்பு அட்டையைப் பெறவேண்டும்.

முன்னுரிமையின் பயனும் எல்லையும்

முன்னதாக ஏறுவோருக்கு முதற் பயன் காத்திருப்புக் குறைதல். நண்பகல் உணவைக் கப்பலிலேயே உண்ணலாம்; உணவகங்களிலும் நிகழ்ச்சிகளிலும் இடம் பதிவு செய்ய முந்தலாம். ஆனால் சாதாரண அறைகள் முந்தைய பயணிகள் இறங்கிய பின்னர் துப்புரவு செய்யப்பட்டு, பெரும்பாலும் பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னரே திறக்கப்படுகின்றன. ஆகவே குடும்பத்தினர் அனைவரும் முன்னதாக ஏறினாலும் கைப்பைகளுடன் பொதுத் தளங்களில் இருக்க நேரும். மருந்து, குழந்தைக்குத் தேவையானவை, கடவுச்சீட்டு ஆகியவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்காது கையில் வைத்திருப்பது நன்று.

பாதுகாப்புப் பயிற்சியில் எவருக்கும் விலக்கு இல்லை. 2012இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்த பின்னர், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல் புறப்பாட்டிற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ புதிய பயணிகளுக்கு இப்பயிற்சி நடைபெறவேண்டும். முன்னர் 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதுமானதாக இருந்தது.

கடைசி ஏற்ற நேரத்தையும் முன்னுரிமை மாற்றாது. பயணிகளின் இறுதிப் பட்டியலை அதிகாரிகளிடம் அளித்த பின்னர்க் கப்பலில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பது அரிது. அமெரிக்கத் துறைமுகங்களில் இப்பட்டியல் புறப்பாட்டிற்கு 60 நிமிடங்களுக்கு முன்னர் அனுப்பப்பட வேண்டும். முன்னுரிமை உடையவர் ஏறிவிட்டார் என்பதற்காக, வழியில் தாமதமான குடும்பத்தினருக்காகக் கப்பல் காத்திராது.

முதியோரும் மாற்றுத்திறனாளிகளும்

தேவை வழி முன்னுரிமை குறித்துப் பலர் அறிந்திருப்பதில்லை. பெற்றோரை வரிசையில் நிற்க வைக்கக் கூடாது என்பதற்காகவே உயர்வகை அறையைப் பதிவு செய்யும் பிள்ளைகளும் உள்ளனர். முனையத்தில் சக்கர நாற்காலி உதவி, மிகக் குறைந்த விலை அறையில் தங்குவோருக்கும் உண்டு. பதிவு செய்யும்போதோ பயணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்போ நிறுவனத்திடம் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். உதவி பெறுபவருடன் ஒரு துணையாளரை அனுப்புவது வழமை. குடும்பம் முழுவதையும் அனுப்புவது துறைமுகத்திற்குத் துறைமுகம் மாறுபடும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் நார்வீஜியன் நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அமெரிக்க நீர்ப்பரப்பில் உள்ள வெளிநாட்டுக் கொடி ஏற்றிய உல்லாசக் கப்பல்களுக்கும் பொதுவாகப் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதிகளை அணுகத்தக்கதாக அமைப்பதை வலியுறுத்துகின்றது.

மாறுபட்ட கருத்துகள்

முன்னுரிமையை அறையோடு நிறுத்துவதற்கு நிறுவனங்களின் பக்கம் ஒரு காரணம் உண்டு. ஒரு தொகுப்பறைக்காக நான்கைந்து சாதாரண அறைகளுக்கும் இடமளித்தால் தனி வரிசை பொது வரிசையைப் போலவே நீண்டுவிடும். அதற்கெனப் பணம் செலுத்தியோருக்குப் பயன் இராது. கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டு ஆளுக்கு ஒன்றாக இருப்பதும் இவ்வகைப்பட்டதே.

குடும்பங்களின் பக்கமும் நியாயம் உண்டு. தொகுப்பறைக்கும் சாதாரண அறைகளுக்கும் சேர்த்துப் பணம் செலுத்துபவர் பல வேளைகளில் ஒருவரே. இந்நிலையில் குடும்பத்தை வாயிலில் பிரிப்பது பொருந்தாது என்பது அவர்களின் கருத்து. ரஜூலா காலத்துத் தளப் பயணிகளுக்கு வகுப்பு வேறுபாடு நாள் கணக்கான பிரிவாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே. எனினும் முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்திற்கு அந்நேரமும் சிறிதன்று. எனவே, எவருடைய முன்னுரிமை எவ்வழியில் வந்தது என்பதைப் பதிவுக்கு முன்னரே கேட்டறிந்து, யாருக்கு யார் துணை என்பதை முதலில் முடிவு செய்து, அதன்பின் அறைகளைப் பிரித்துக்கொள்வது சிறந்தது.